மூடிக்கு அடியில் இறால்

"இந்தத் தடவையும் ரப்பரா வந்துச்சுன்னா, இனி அடுப்புப் பக்கமே வரக்கூடாது!" என்று எச்சரித்துவிட்டுத்தான் மனைவி குளிக்கப் போயிருந்தாள்.

தீயணைப்பு வீரருக்குச் சமையலில் கொள்ளை ஆசை. ஆனால் போன வாரம் அவர் பத்து நிமிடம் வறுத்த இறாலை, இருவரும் அரை மணி நேரம் மென்றார்கள்.

வாணலியில் பூண்டு பொன்னிறமானது. உப்பும் மிளகும் பிரட்டிய இறாலைப் போட்டார். ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பினார். அந்த நொடியில் எண்ணெய் குப்பென்று பற்றிக்கொண்டது.

இருபது வருடப் பழக்கம், யோசிக்கவே விடவில்லை. ஒரு கை கேஸை அணைத்தது. மறு கை வாணலி மேல் மூடியைக் கவிழ்த்தது. "எல்லாரும் வெளியே போங்க!" என்று வாய் அலறியது.

தலையில் துண்டோடு மனைவி ஓடி வந்தாள். "வீட்ல நான் ஒருத்திதானே இருக்கேன்? எல்லாருமாம்! மூடியைத் திறங்க."

"சூடு அடங்காம திறக்கக் கூடாது. அது விதி."

"என் பசிக்கு விதியெல்லாம் தெரியாதுங்க."

அவர் அசையவில்லை. வறுபடாத இறாலைத்தான் தின்ன வேண்டும், அடுப்புக்கும் தனக்கும் இன்றோடு சரி என்று மனம் புழுங்க, காவல் நின்றார்.

ஒருவழியாகத் திறந்தார். சாறு பளபளக்க, இறால் அழகாகச் சுருண்டிருந்தது. மனைவி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"அட மனுஷா, பஞ்சு மாதிரி இருக்கு! மூடிக்குள்ள இருந்த சூடே போதும் போல. நீங்கதான் அன்னிக்கு வறுத்துக் கொன்னுட்டீங்க."

"அப்போ நாளைக்கும் நானா?"

"நீங்கதான். மூடியை மட்டும் நான் பிடிச்சுக்கறேன்!"