இதோ, பாதி முடிஞ்சிடுச்சு சார்

ஊர் வாயில் புதிதாகப் புழங்கும் பேச்சு எங்கே பிறந்தது, யார் முதலில் சொன்னது, என்ன அர்த்தம் என்று துருவித் தேடி எழுதும் இணையதளத்தில் எனக்கு வேலை. 'இது நான் உருவாக்கியது' என்று யாராவது உரிமை கேட்டு வந்தால் ஒரு படிவம் அனுப்புவோம். அவர் எழுதித் தருவதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், பெயரோடும் படத்தோடும் வெளியிடுவோம். அதில் நாங்கள் கறார்.

இந்த வருடம் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை, பாத்திரத்தைப் பாதியில் விட்ட புருஷன், எங்கள் தளத்தின் ஆசிரியர் உட்பட எல்லாரும் அழுகிற குரலை வரவழைத்துக்கொண்டு, "இதோ, பாதி முடிஞ்சிடுச்சு சார்" என்றார்கள். பத்து நொடி வீடியோவிலிருந்து வந்தது அது. தையல் மெஷின் முன்னால் ஒரு பெண், கண் நிறைய நீரோடு அதைச் சொல்வாள்.

அவள் என் அக்கா. ஆபீசில் யாருக்கும் தெரியாது.

ஆயத்த ஆடைக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வீடியோ எடுத்துப் போட்டது அவள் சூப்பர்வைசர். கம்பெனிக்குப் போய்க் கேட்டேன். யார் எடுத்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கையை விரித்தார்கள். அக்கா வேலையை விட்டாள். ஒருநாள் நூல் வாங்கப் போனவளைக் கடைக்காரர் அடையாளம் கண்டு, அவளிடமே அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்திருக்கிறார். வெறுங்கையோடு திரும்பியவள் அதன்பின் ஆறு மாதமாக வாசலைத் தாண்டவில்லை.

அப்போதுதான் வலிய வந்து மாட்டினான். அந்த வசனத்துக்குச் சொந்தக்காரன் தான்தான், எங்கள் தளத்தில் தன் பெயர் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் கடிதம் போட்டிருந்தான். நான் குரலில் தேன் தடவிக்கொண்டு போன் செய்தேன்.

"நீங்க சும்மா வீடியோதானே எடுத்தீங்க சார்? அந்தம்மா தானா சொன்னதுக்கு உங்களுக்கு எப்படி உரிமை வரும்?"

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுநாளே படிவம் வந்தது. 'அது தானா வரலை, நான் வரவழைச்சது. ரெண்டு பேர் வேலையை அவ ஒருத்திகிட்ட குடுத்தேன். காலையிலேர்ந்து எந்திரிக்க விடலை, தண்ணி குடிக்க விடலை, பாத்ரூம் போக விடலை. சாயங்காலம் கேமராவை ஒளிச்சு வெச்சுட்டுக் கத்தினேன். நாலு பொண்ணுங்ககிட்ட முயற்சி பண்ணேன், இவகிட்டதான் சரியா வந்துச்சு.' கீழே கையெழுத்து, சிரித்த முகத்தோடு ஒரு படம்.

ஒன்றுக்கு இரண்டு முறை போனில் கேட்டேன், அப்படியே போட்டுவிடலாமா என்று.

"ஒரு எழுத்து மாத்தக்கூடாது மேடம்."

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். போட்டால் அவள் முகம் மறுபடியும் ஊரைச் சுற்றும், வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். நாலு பெண்கள் என்ற வரியிலேயே அவள் கண் நின்றது.

"போடு" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல் வெளியிடச் சொன்னார். மதியத்துக்குள் ஊரே காறித் துப்பியது. அந்தக் கம்பெனியின் சட்டையை வாங்கும் கடைகள் விளக்கம் கேட்டன. ஆதாரம் இல்லை என்று சொன்ன அதே ஆட்கள் புதன்கிழமை அவனை வெளியே தள்ளினார்கள். விசாரணை வேறு தொடங்கியது. அந்தப் பேச்சைச் சொல்வதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சொன்னவர்கள் இப்போது அவன் படத்தின் கீழே சொன்னார்கள். எனக்கு அது இனித்தது.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். தெரியாமல் எழுதிவிட்டேன், எந்த இடத்திலும் வேலை கிடைக்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினான். அழுகிற குரல்தான், நடிப்பு இல்லை.

"எடுத்துட்டீங்களா மேடம்? எவ்வளவு நேரம் ஆகும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தன் பக்கம் இழுத்தாள். அவசரமே இல்லாமல் சொன்னாள்.

"இதோ, பாதி முடிஞ்சிடுச்சு சார்."

அந்தக் குரலை அவனுக்குத் தெரியாதா? அக்கா போனை அணைத்தாள். நூல் வாங்க வேண்டும் என்று சொல்லி, செருப்பைத் தேடினாள்.