முறத்தில் காய்ந்த இறகுகள்

நந்திதா நான்கு பழுப்புக் காகிதக் கவர்களை மேசைமேல் வரிசையாக வைத்து, "இது யாரு எழுத்துக்கா?" என்று கேட்டபோது, கலைவாணிக்குத் தன் கையெழுத்தே அடையாளம் தெரியச் சற்று நேரம் பிடித்தது. வீட்டுத் தரையில் உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு அவள் எழுதியவை அவை. திருப்பதியில், பறவை ஆராய்ச்சி அலுவலகத்தின் குளிரூட்டிய அறையில், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தபோது வேறு யாரோ எழுதியதுபோல் இருந்தன. எண் பதினேழிலிருந்து இருபது வரை. நான்கிலும் ஒரே தேதி, போன அக்டோபர் பதினொன்று. இடம் மட்டும் வேறு வேறு: நரிமேடு, பெத்த செருவு, ஊசிப்பாறை, கொல்லகுண்டு.

"என்துதாங்க மேடம். அவருக்கு எழுத வராது. அவரு சொல்லுவாரு, நான் எழுதுவேன்."

நந்திதா தலையாட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ரிப்போர்ட் முடியப்போகிறது, ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள் என்று அவள் போனில் சொன்னதை வைத்து, அதில் தன் கணவன் சிட்டிபாபுவின் பேரைப் போடப்போகிறார்கள் என்றுதான் கலைவாணி நினைத்திருந்தாள். பேர் போட்டால் படமும் கேட்பார்கள். என்றோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று மிச்சமிருந்தது. அதைப் பர்சில் வைத்துக்கொண்டு சித்தூரில் காலை ரயிலைப் பிடித்திருந்தாள். பாகாலாவில் வண்டி நின்றபோது எடுத்து ஒருமுறை பார்த்தும் கொண்டாள். படத்தில் அவனுக்குச் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்தது. எடுத்த அன்றைக்கே அதைச் சொல்லியிருக்கலாம்.

சிட்டிபாபு போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஐந்து மழைக்காலம் இந்த ஆராய்ச்சிக்காகப் பீடுகளில் நடந்தான். உழாமல் விட்ட புல்காட்டை அந்தப் பக்கத்தில் பீடு என்பார்கள். மழை விழுந்து புல் முழங்காலுக்கு வந்ததும் அங்கே வரகுக்கோழி வரும். தெலுங்குக்காரர்கள் நேல நெமலி என்பார்கள். ஆண் பறவை புல்லுக்கு மேலே ஆள் உயரத்துக்கு எம்பிக் குதித்து விழும், மறுபடி எம்பும். காலையில் ஒரு மேட்டில் நின்றால் எண்ணிவிடலாம். பெண் அப்படி அல்ல. புல்லின் நிறத்திலேயே புல்லுக்குள் கிடக்கும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. நாட்டிலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கும் அந்தப் பறவையில் பெண் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் உதிர்ந்த இறகைத் தேடி எடுத்துவரச் சொன்னார்கள். தோலுக்குள் செருகியிருந்த அடிமுனையில் கடுகில் பாதி அளவு ரத்தம் காய்ந்திருக்கும். அதிலுள்ள மரபணுக் குறிகளை வைத்து அது ஆணா பெண்ணா, இரண்டு இறகுகள் ஒரே பறவை உதிர்த்ததா என்றுகூடச் சொல்லிவிடுவார்கள்.

முதல் வருஷம் நந்திதா வீட்டுக்கு வந்து இதை விளக்கியபோது திருமலை முடியைத்தான் உதாரணம் காட்டினாள். மலையேறிப் போய் மொட்டை போட்டவர்களின் முடி எவ்வளவு குவிந்தாலும் எது யாருடையது என்று சொல்வது கஷ்டம், கத்தி வேரை விட்டுவிட்டு வெட்டிவிடும், ஆனால் சீப்பில் வேரோடு வருகிற ஒரு முடி போதும் என்றாள். அன்றிலிருந்து வெகுநாள் சிட்டிபாபு கலைவாணியின் சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது யார்துன்னு தெரியல, லேபுக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஊரில் அவனுக்கு வேறு கேலி. பங்காளி மோகன்ராஜ் டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கிறபடி சொல்வான்: "நம்ம பெரியவங்க கோழிய துன்னுட்டு எறக வீசினாங்க. இவன் கோழிய வுட்டுட்டு எறக பத்திரமா தூக்கிக்கினு வரான்." அதற்குச் சிட்டிபாபுவே முதலில் சிரிப்பான். கூலிக்குப் போன வேலைகளிலேயே இதில்தான் அவன் சீக்கிரம் எழுந்தான்.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது" என்றாள் நந்திதா.

அவள் சொல்லிமுடிக்கும்வரை கலைவாணி கவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் கிடைக்கிற இறகு ஒரு கவரில் போகவேண்டும். அன்றைய நான்கு கவர்களில் ஒவ்வொன்றிலும் நான்கு பறவைகளின் இறகுகள் இருந்தன. நான்கிலும் அதே நான்கு பறவைகள். மூன்று ஆண், ஒரு பெண். அந்த நான்கு பீடுகளுக்கும் இடையில் ஊரும் குன்றும் இருக்கின்றன. ஆண் தன் மேட்டை விட்டு நகராது. நான்கும் சேர்ந்து ஒரே காலையில் நான்கு இடத்துக்கும் போய் இறகு போட்டுவிட்டு வந்தன என்றால் யார் நம்புவார்கள்?

பக்கத்து மேசையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த ரங்கையா சார் எழுந்து வந்தார். ஆராய்ச்சிக்கு அவர்தான் பெரியவர். குரல் கடுமையாக இல்லை. சிட்டிபாபு நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை, ஆனால் மழைநாள், உடம்பும் சரியில்லை, ஒரே இடத்தில் பொறுக்கியதை நாலு கவரில் போட்டிருப்பான், மனுஷனுக்குச் சகஜம் என்றார். பிறகு கவர்களைப் பார்த்துத் தாழ்ந்த குரலில், "ஆனா ஒரு நாள் அப்படி பண்ணியிருந்தா, மத்த நாள் எப்படி நம்பறதும்மா? அஞ்சு வருஷமும் பனிக்கி ராதே" என்றார்.

உதவாது என்கிறார். கலைவாணி கவர்களின்மேல் குனிந்தாள். பிளாஸ்டிக் பை வழியாக இறகுகள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் அடிமுனை நறுக்கப்பட்டிருந்தது. அந்த நுனிகள் எங்கே என்று கேட்டாள். கரைச்சாச்சுக்கா, கரைச்சாத்தான் பார்க்க முடியும் என்றாள் நந்திதா.

அந்த நாளில் மறக்க ஒன்றும் இல்லை. காய்ச்சலின் முதல் நாள் அது. விடியலில் போனவன் மூன்று மணிக்கு நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தான். சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்த கவர்களை எடுத்து அவள் கையில் கொடுத்து, "ஈரமா கீது. காய வெச்சி வேற கவர்ல போட்டுடு. கலக்காத" என்று சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்துவிட்டான். ஈர இறகை அப்படியே மூடினால் பூஞ்சை பிடித்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும். முறத்தைக் கழுவித் துடைத்து, நாலு மூலையில் நாலு கவரின் இறகுகளைத் தனித்தனியாகப் பரப்பினாள். எந்தக் கவர் எந்த இடம் என்பதற்கு அவனுடைய மடிப்பு இருந்தது. எழுதத் தெரியாததால் காகிதத்தின் ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்திக்கொண்டு வருவான். ஒரு மடிப்பு நரிமேடு, இரண்டு பெத்த செருவு, மூன்று ஊசிப்பாறை, நாலு கொல்லகுண்டு. பரப்பிவிட்டு அவனுக்குக் கஞ்சி வைக்கப் போனாள். காலையிலிருந்து கரண்ட் இல்லை. கஞ்சி கொதிக்கும்போது வந்தது. சுவிட்சு போட்டபடியே இருந்த மின்விசிறி அவள் தலைக்குப் பின்னால் சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டுத் திரும்பியபோது, இறகுகள் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. கட்டிலுக்கு அடியில், சாமி படத்தின்மேல், தூங்குகிறவனின் போர்வைமேல்.

எல்லாவற்றையும் பொறுக்கினாள். ஒன்றுகூட விடவில்லை. எழுப்பிக் கேட்கலாம் என்று நெற்றியில் கை வைத்தாள், கொதித்தது. கேட்டாலும் அவனுக்கு எப்படித் தெரியும்? கறுப்பு, வெள்ளை, புல் நிறம் என்று பிரித்து வைத்துப் பார்த்தாள். பிறகு, பந்தியில் நாலு பேர் உட்கார்ந்தால் எல்லார் இலைக்கும் எல்லாம் விழவேண்டும் என்கிற மாதிரி, கறுப்பில் நாலு பங்கு, வெள்ளையில் நாலு பங்கு, புல் நிறத்தில் நாலு பங்கு வைத்துப் புதுக் கவர்களில் போட்டாள். ஒரு கவருக்கு அதிகம், ஒரு கவருக்குக் குறைச்சல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. தேதி எழுதினாள். உடம்பு தேறியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஒன்பதாம் நாள், சித்தூரில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கை அவள் கைக்குள் இருந்தபோதுகூட அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் சிரித்திருப்பான்.

"அவரு கலக்கல சார்" என்றாள் கலைவாணி. "நான் கலக்குனேன்."

சொல்ல ஆரம்பித்ததும் முறம், கஞ்சி, கரண்ட், பந்தி எல்லாம் தானாக வந்தன. அழுகை வரவில்லை. ரங்கையா சார் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார். முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சமமா பங்கு போட்டியாம்மா?"

"ஆமா சார். எண்ணித்தான் போட்டேன்."

அவர் நந்திதாவைப் பார்த்தார். அவள் கம்ப்யூட்டரில் எதையோ திறந்து விரலால் எண்ணிக்கொண்டே போனாள். நாலிலும் கறுப்பு ஆறு, வெள்ளை ஐந்து, புல் நிறம் மூன்று. காட்டில் உதிர்கிற இறகு அப்படிக் கணக்காக உதிராது, முதலிலேயே பார்த்திருக்கவேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மற்ற கவர்கள் எதிலும் இந்தக் குழப்பம் இல்லை, எல்லாம் சுத்தமாக ஓர் இடத்துப் பறவையையே காட்டுகின்றன என்றாள். ரங்கையா சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, சிட்டிபாபுவின் பேர் முதல் பக்கத்திலேயே வரும், அதை நானே எழுதுகிறேன் என்றார். "தப்பா நெனச்சிட்டேம்மா."

அதோடு முடிந்திருந்தால் அவள் நிம்மதியாக எழுந்து வந்திருப்பாள். நந்திதா அவளைக் கீழே கொண்டுவந்து விடும்போது மாடிப்படியில் நின்றுவிட்டாள். ஐந்து வருஷத்தில் பெண் பறவையின் இறகு கிடைத்தது அந்த ஒரு நாள்தான். பெண் எங்கே இருந்ததோ அங்கேதான் முட்டை. நாலு பீடிலும் சோலார் தகடு போட அளந்தாயிற்று. ஒன்றை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லி இந்த மாதக் கடைசிக்குள் வனத்துறைக்கு எழுதவேண்டும். எது என்று கேட்பார்கள் என்றாள்.

"அந்தப் பழைய கவர் இருக்காக்கா? நனைஞ்சது? ஈரத்துல சின்னத் தூவி ஏதாச்சும் காகிதத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். பொட்டு அளவு போதும். காகிதத்த வெட்டி ஊற வெச்சுப் பாத்துடலாம்."

"இல்ல மேடம். தூக்கிப் போட்டுட்டேன்."

அவ்வளவு நேரம் உண்மை பேசிய வாய்தான். நந்திதா அவள் கையைப் பிடித்து, பரவாயில்லைக்கா என்றாள்.

திரும்பும் ரயிலில் எதிரில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள், நாலு பேருக்கும் மொட்டை, தலையில் சந்தனம். அம்மா ஒரு லட்டை நாலாகப் பிய்த்துக் கொடுத்தாள். சின்னது தன் துண்டு சிறிசு என்று சிணுங்கியது. கலைவாணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பாகாலா தாண்டியதும் தண்டவாள ஓரத்தில் காய்ந்த புல். மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எங்கிருந்தோ அந்தப் பெண் பறவை கிளம்பியிருக்கும், அல்லது கிளம்ப இருக்கும். வந்து இறங்கும்போது கீழே என்ன இருக்கும் என்று அதற்கு யார் சொல்வது? அவனாக இருந்தால் என்ன செய்திருப்பான் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. கேட்டவுடன் கொடுத்துவிட்டு, "காயிதம்தான் போ" என்றிருப்பான். அவனுக்கென்ன, அவன் மடித்த காகிதத்தை வைத்துக்கொண்டு இருக்கவேண்டியவன் அவன் இல்லையே.

மறுநாள் காலை, நர்சிங் படிக்கிற மகள் ரூபா சித்தூர் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, நைனா பேரு வருமா என்று கேட்டாள். வரும், முதல் பக்கத்தில் என்றாள் கலைவாணி. ரூபா அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "படம் கேட்டாங்களா?" என்றாள். கேட்கவில்லை என்பது அப்போதுதான் கலைவாணிக்கே உறைத்தது.

போனை வைத்துவிட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினாள். அடியில் அந்த நாலு கவர்கள், காய்ந்து அப்பளம்போல் விறைத்திருந்தன. செம்மண் கறை. ஓரத்தில் மடிப்புகள், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மடிப்பின்மேல் நகம் அழுத்திய கோடு ஒவ்வொன்றிலும் இருந்தது. கொல்லகுண்டில் நாலாவது மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. அப்போதே அவன் கை நடுங்கத் தொடங்கியிருக்க வேண்டும். எட்டு மாதமாக அந்தக் கோடுகளின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்திருக்கிறாளே தவிர, எந்தக் கவரின் வாயையும் அவள் திறந்ததில்லை.

ஜூன் மாத வெயில் காலை ஒன்பதுக்கே கூரைத் தகட்டில் இறங்கியிருந்தது. எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். றெக்கைகள் மெதுவாகி, தனித்தனியாகத் தெரிந்து, ஒரு அரைச்சுற்று தயங்கி நிற்கும்வரை காத்திருந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். தரையில் உட்கார்ந்து, இரண்டு மடிப்புள்ள பெத்த செருவுக் கவரை எடுத்து வாயை விரித்து வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

அடிமூலையில், மழைக்கறையோடு காகிதத்தில் ஒட்டி, அரிசிக் குருணையைவிடச் சின்னதாகப் புல் நிறத்தில் ஒரு தூவி இருந்தது. அதன் ஒரு இழை மட்டும் விடுபட்டு, அவள் மூச்சுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கலைவாணி முந்தானையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.