வாயில் குண்டூசி

தையல் மெஷின் எண்ணெய் எங்கேயாவது மணத்தால் எனக்கு அம்மாவின் உதடுகள்தான் நினைவுக்கு வரும். வேலை நேரத்தில் அவற்றுக்கிடையே எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும்.

எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய தையல் கடை. அத்தை அங்கே உட்கார்ந்து பட்டன் தைப்பாள், ஊர்க்கதையும் பேசுவாள். யாரைக் குறை சொன்னாலும் உடனே அவருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். கதை ருசிக்கத் தொடங்கும் இடத்தில் மெஷின் நின்றுவிடும்.

"அண்ணி, இதை மட்டும் முடிச்சுக்கிறேன். அப்புறம் சேர்த்து ஜெபிச்சிடலாம்."

"கண்ணை மூடு."

"இந்த வீட்ல நிம்மதியா ஒரு வம்பு பேச வழியில்ல. ஆமென்."

ரொட்டிக்கடைக்காரியைப் பற்றி மட்டும் அந்த அறையில் யாரும் பேசுவதில்லை. அக்காவுக்கு வலிப்பு என்று அவள் கிளப்பிவிட்ட பொய்யால்தான் அக்காவின் கல்யாணம் நின்றுபோனது. அதன்பிறகு ஆலயத்தில் அக்கா கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஒரு மதியம், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் ரவிக்கை தைக்க வந்தாள். அம்மா தோளை அளந்துகொண்டிருக்கும்போது வந்தவள் மெல்லக் கேட்டாள்.

"ரொட்டிக்கடைக்காரம்மா பொண்ணை என் பையனுக்குப் பேசியிருக்கோம். நீங்க ஒரே தெருவாச்சே. எப்படிங்க?"

அத்தையின் ஊசி பாதியில் நின்றது. உள்ளே அக்காவின் இஸ்திரிப் பெட்டியும் நின்றது. அந்தச் சம்பந்தத்தைக் கெடுக்கப் பொய்கூடத் தேவையில்லை. ஒரு பெருமூச்சு, 'நான் எதுக்குங்க சொல்லணும்' என்று ஒரு இழுப்பு, போதும்.

அம்மா இன்னும் இரண்டு ஊசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அளவெடுக்கும்போது அவற்றுக்கு அங்கே வேலையே இல்லை. கண்களை மூடினாள். அது ஜெபமா, அல்லது சொல்லாத அந்த வார்த்தையை நாக்கு ருசித்துக்கொண்டிருந்ததா? இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நல்ல பொண்ணுங்க. அவங்கப்பா படுத்த படுக்கையா கிடந்தப்ப அவதான் பார்த்துக்கிட்டா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல."

"அவங்கம்மா?"

"கல்யாணம் பொண்ணுக்குத்தானே? கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்."

அவள் போனதும் அக்கா வெளியே வந்தாள்.

"என்னைவிட அவ பொண்ணு உனக்குப் பெருசாப் போயிட்டாளா?"

"இல்லடி."

"அப்ப, அவளை மன்னிச்சிட்டியா?"

"எங்க மன்னிச்சேன்? அவளைக் கண்டாலே இன்னும் பத்திக்கிட்டு வருது." அம்மா கீழுதட்டைத் துடைத்தாள். விரலில் ரத்தம். "எல்லாம் வாய் வரைக்கும் வந்துச்சு. அதான் ஊசியை வச்சு அடைச்சேன். நீ அழுத மாதிரி இன்னொருத்தியும் அழணுமா?"

அக்கா உள்ளே போனாள். அத்தை, யாரும் சொல்லாமலே கண்ணை மூடினாள்.

"யாருக்காக அத்தை?" என்று கேட்டேன்.

"உங்கம்மாவுக்குத்தான். வேற யாருக்கு இன்னிக்கு அவ்வளவு கஷ்டம்?"

அம்மா அன்று தோளளவைத் தப்பாகக் குறித்திருந்தாள். தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. துணியை மடியில் போட்டுக்கொண்டு, பிரிக்கவும் தெம்பில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அக்கா வந்து அதை வாங்கிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா போடப்போகும் ரவிக்கை அது. ஜன்னலோரம் உட்கார்ந்து, துணி கிழியாமல் ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிறகு இரண்டு குண்டூசிகளை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு, மெஷின் முன் உட்கார்ந்தாள்.