ஜன்னலோரம் மாட்டிக்கொண்டவள்

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் ஒட்னி செய்த முதல் தப்பு. அவள் ஏறியபோது பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டி ஒரு நெட்டைப் பையன் வந்து அதில் உட்கார்ந்தான். காதில் பாட்டுக் கேட்கும் வெள்ளைக் குமிழ்கள், கையில் போன். அதன்பிறகு பிடித்துவைத்த பிள்ளையார்தான்.

அடுத்த நிறுத்தம் ஓலெசுண்ட் துறைமுகம். அங்கே கப்பல் வந்து நின்றிருக்கும். அதன் சமையலறையில் வேலை செய்யும் அவள் மகன் சின்ட்ரே, சரக்கு இறக்கும் கால்மணி நேரம் மட்டும் கரைக்கு இறங்கி நிற்பான். அவனைப் பார்த்து நாலு மாதம் ஆகிறது. இனி ஈஸ்டருக்குத்தான் லீவு. இன்று விட்டால் குளிர்காலம் முழுக்கப் போனில்தான் முகம் பார்க்க வேண்டும். அதை ஒரு முகம் என்று ஒட்னி ஒத்துக்கொண்டதே இல்லை.

மணியை அழுத்தினாள். பிறகு நார்வேயில் பிறந்த எவரும் செய்வதைச் செய்தாள். கையுறையை மாட்டினாள், கோட்டின் ஜிப்பை மேலே இழுத்தாள், மடியிலிருந்த பையைச் சரசரவென்று அசைத்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? இத்தனை வருடமாக இந்தச் சரசரப்புக்கே பக்கத்தில் இருப்பவர்கள் மறுபேச்சில்லாமல் எழுந்து வழி விட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் வாய் திறக்கும் சங்கடம் இரண்டு பேருக்குமே மிச்சம்.

பையன் அசையவில்லை. திரையில் எதையோ மேலே தள்ளிக்கொண்டே இருந்தான். ஒட்னி பையை இன்னும் பலமாக ஆட்டினாள். மகனுக்காகச் சுட்டு எடுத்து வந்த உருளைக்கிழங்கு ரொட்டி உள்ளே நசுங்கியதுதான் மிச்சம்.

பேருந்து நின்றது. கதவு திறந்தது.

"மன்னிக்கணும்," என்றாள், முன் இருக்கையின் முதுகைப் பார்த்து. அவளுக்கே சரியாகக் கேட்காத குரல். "மன்னிக்கணும், நான் இறங்கணும்." இந்த முறை சத்தமாகவே வந்தது. தோளைத் தொட்டிருக்கலாம். ஆனால் தெரியாத ஆளை எப்படித் தொடுவது? மணியை அடித்துவிட்டு யாரும் இறங்கவில்லையே என்று ஓட்டுநர் முகத்தைச் சுளித்தார், கதவைச் சாத்தினார்.

இனிக் கடலுக்கடியில் சுரங்கப்பாதை. அடுத்த நிறுத்தம் எதிர்த் தீவில். ஒட்னிக்குப் பற்றி எரிந்தது. அவன் மேலும் எரிந்தது, தன் மேலும் எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"எங்கம்மா இருக்க? நான் கீழ இறங்கி நிக்கிறேன்."

"சுரங்கத்துக்குள்ள!"

"சுரங்கத்துலயா? அங்க உனக்கு என்ன வேலை?"

"பக்கத்துல ஒரு தடியன் வழிய அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்டா. எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான்!"

பேருந்து முழுக்கக் கேட்டது. யாரும் திரும்பவில்லை. போனில் கத்துகிறவர்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பதுதான் இப்போது மரியாதை. பையன் மட்டும் ஒரு குமிழைக் கழற்றினான். முகம் சிவந்திருந்தது.

"தடியன்னு என்னையா சொன்னீங்க?"

ஒட்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனே தொடர்ந்தான்.

"நீங்க இறங்கணும்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. இதுல பாட்டு எதுவும் ஓடல, சார்ஜ் போய் ரொம்ப நேரமாச்சு. நீங்க போன்ல யார்கிட்டயோ பேசுறீங்கன்னு நெனச்சேன். உங்க தொப்பி காத மூடியிருக்கா, உள்ள இத மாதிரி மாட்டியிருப்பீங்கன்னு..."

ஒட்னிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. காதில் விழாமல் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். விழுந்திருக்கிறது. தன்னிடம் ஒருத்தி பேசுகிறாள் என்று மட்டும் தோன்றவில்லையாம்!

"பக்கத்துல நீ ஒருத்தன்தான இருக்க! உன்கிட்டதான்டா கேட்டேன்! வேற யார்கிட்ட கேப்பேன்?"

இப்போது எல்லாத் தலைகளும் திரும்பின. பையன் பதறி எழுந்து வழி விட்டான். இறங்க இடமில்லாத சுரங்கத்தில் ஒட்னியும் எழுந்து நின்றாள்.

கையிலிருந்த போனில் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "அம்மா? யார்கூடம்மா சண்டை போடுற?" அதைக் காதுக்குக் கொண்டுபோனபோது அதில் கப்பல் சங்கு ஊதுவது கேட்டது.

"ஏறச் சொல்றாங்கம்மா," என்றான் சின்ட்ரே. "நான் போகணும்."