மழைக்கு நிற்காத மை

நுகேகொடைக் காட்சியறையில் பத்தடி அகல இயந்திரம், பத்மாவதி கொண்டுபோன மணப்பெண்ணை நெற்றியிலிருந்து தொடங்கி அடித்து இறக்கிக்கொண்டிருந்தது. அச்சு இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் தங்கள் சொந்தப் படம் ஒன்றைக் கொண்டுபோய் அடித்துப் பார்ப்பது தொழிலில் வழக்கம். விற்கிறவன் காட்டும் மாதிரியை நம்புவது, தரகர் கொண்டுவந்த சாதகத்தை நம்புவதற்குச் சமம். வெள்ளவத்தைப் புடைவைக்கடை ஒன்றுக்குத் தான் செய்த விளம்பரத்தை அவள் எடுத்து வந்திருந்தாள். மண்ணெண்ணெயில் நகப்பூச்சைக் கலந்ததுபோல ஒரு நெடி அறை முழுக்க அடித்தது. அவள் கணவர் தில்லைநாதன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வடம் பிடிக்கக் காத்திருக்கிறவர் தேரைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டாஞ்சேனையில் கீழே அச்சகம், மேலே வீடு என்று பதினைந்து வருசமாக நோட்டீசும் கலியாண அழைப்பிதழும் அடித்துச் சலித்த மனிதர். பெரிய படம் அடிக்கிற இயந்திரம் ஒன்று வாங்காவிட்டால் இனிக் கடையை மூடவேண்டியதுதான் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த இயந்திரம் என்பதில்தான்.

"மழ வெயில் ரெண்டுக்கும் அசையாது மெடம்," என்றான் விற்பனைக்காரன் புவாத். "சொல்வென்ட் மை. ரெண்டு வருஷம் சந்தியில தொங்கினாலும் கலர் போகாது. இப்ப நாட்டுல இதுக்குத்தான் ஓடர் ஈக்கிது."

என்ன ஓடர் என்று அவன் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. அதே இயந்திரம் அடித்த பதாகை பின்சுவர் முழுக்கத் தொங்கியது. துவக்கை உயர்த்திய சிப்பாய், பின்னால் கொடி, கீழே பிடித்த ஊரின் பெயர் சிங்களத்தில். அந்த 2008ஆம் வருசம் முழுக்க வடக்கில் ஊர் ஊராகப் பிடித்துத் தெற்கில் ஊர் ஊராகத் தொங்கவிட்டார்கள். அச்சுத் தொழிலுக்கு அப்படியொரு பொற்காலம் அதற்கு முன் வந்ததில்லை. பத்மாவதியின் தங்கை சிவமணி புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் பரந்தனில் இருந்தாள். கடைசியாக அவள் குரல் கேட்டது சித்திரையில். அந்தப் பதாகையை எட்டு எட்டாய்க் கிழித்து இயந்திரத்தின் வாய்க்குள்ளேயே திணிக்க வேண்டும்போல பத்மாவதிக்குக் கை துடித்தது.

ஆனால் காட்சியறையில் அதைச் சொல்ல முடியாது. காட்சியறை முதலாளி கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். மெதுவாகத் தமிழில் சொல்லலாம் என்றால் புவாத்தின் தமிழ் அவள் தமிழைவிட வேகம். ஆகவே அவள் ஒரு தொழில்காரியாகப் பேசினாள்.

"முகம் புள்ளி புள்ளியா நிக்குது," என்றாள், மணப்பெண்ணின் கன்னத்துக்குக் கிட்டப் போய்.

"ரோட்டுல தொங்குறத ஆரு மெடம் கிட்ட வந்து பாக்கிற? இருவது அடி தள்ளி நிண்டு பாருங்கோ, படம் சோக்கா ஈக்கிம்."

தள்ளி நின்று பார்த்தால் யுத்தமும் சோக்காய்த்தான் இருக்கும், ஊரெல்லாம் அப்படித்தானே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று வாய்வரை வந்தது. விழுங்கினாள். மையின் நெடி கூடாது என்றாள். அச்சகத்துக்கு மேலே இருக்கிற மகள் மூச்சிழுப்புக்காரி என்றாள். சின்ன வயதில் நான்கு நாள் இழுத்த இழுப்பை இழுத்துக்கொண்டு வந்து நுகேகொடையில் நிறுத்தினாள். தில்லைநாதன் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தார்.

மூலையில் ஐந்தடி அகலத்தில் இன்னொரு இயந்திரம் இருந்தது. சத்தமும் இல்லை, மணமும் இல்லை. அதே மணப்பெண் அதில் கண்ணிமை மயிர் எண்ணக்கூடிய துல்லியத்தில் வந்தாள். கடைக்குள்ளே மாட்டுகிற படத்துக்கு, கலியாண அல்பத்துக்கு நல்லது என்று புவாத் சுரத்தில்லாமல் சொன்னான். நேர்மையானவன், குறையையும் சொன்னான்.

"இது தண்ணி மை மெடம். ஒரு மழைக்குக் கரஞ்சிரும்."

"அப்ப வெளியில தொங்கவிடவே ஏலாதோ?"

"ஏலவே ஏலா."

அந்தக் குறையைக் கேட்டதும் அவள் முடிவெடுத்துவிட்டாள்.

முச்சக்கர வண்டியில் திரும்பினார்கள். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி ஏறினார்கள். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்று பழமொழி சொன்னவன் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு கொழும்பில் ஒருநாளும் நடந்து பார்த்திருக்கமாட்டான். வீட்டுக்கு வந்து மேலே ஏறி, கதவைச் சாத்திய பிறகுதான் தில்லைநாதன் வெடித்தார்.

"உமக்கென்ன விசரோ? ஆனை விலைக்கு ஆட்டுக்குட்டியை வாங்கச் சொல்லுறீர்! பெரிசு ரெண்டு வருசத்தில விலையை எடுத்துத் தந்திடும்."

"என்னத்தை அடிச்சு?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவினார்.

"சொல்லுங்கோ, என்னத்தை அடிச்சு? நாளைக்குச் சந்தியில தொங்கவிட இருவதடியில ஒண்டு கேட்டு வருவினம். இல்லை எண்டு சொல்லுவியளோ? கொட்டாஞ்சேனையில ஒரு தமிழன், மெசின் வச்சிருக்கிறவன், ஆமிக்காரன்ரை படம் அடிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு விடிய எழும்புவனோ? எங்களுக்கு மாட்டன் எண்டு சொல்ல வாயில்லை. ஏலாது எண்டு சொல்ல ஒரு மெசினாவது இருக்கட்டும்."

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவருக்கும் கோபம்தான். ஆனால் யார்மேல் என்று தெரியாத கோபம். மனைவிமேல் போடுவதைவிட வேறு இடம் கிடைக்காத கோபம். கடைசியில், "அப்ப சோத்துக்குக் கலியாண வீடுகளை நம்பியிருப்பம்," என்றார் குத்தலாக. அடுத்த மாதம் ஐந்தடி வந்து சேர்ந்தது.

பத்மாவதி சிங்களத்தில் ஒரு வசனத்தைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தாள். சந்திக்குப் பதாகை கேட்டு யார் வந்தாலும் முகத்தில் கவலையை வரவழைத்துக்கொண்டு அதைச் சொல்வாள். ஐயோ மாத்தையா, எங்களுடையது தண்ணீர் மை, ஒரு மழைக்குக் கரைந்துவிடும், உங்கள் காசு வீண். வந்தவர்கள் பரிதாபப்பட்டுப் போனார்கள். ஒருவன், நல்ல மெஷின் ஒன்று வாங்கத் தெரியாதா என்று தில்லைநாதனுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனான். அன்று அவள் மேலே போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வருசத்தில் அவள் சிரித்த சிரிப்பு அதுதான்.

தைப்பொங்கலுக்கு இரண்டு கிழமை இருக்கையில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. தெருவெங்கும் வெடி கொளுத்தினார்கள். மறுநாள் காலை, வட்டார அரசியல்வாதி ஒருவரின் காரியதரிசி அச்சகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, தணிந்த குரல். ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய, வெற்றிக்குச் சமைத்த பாற்சோறு கொண்டுவந்து மேசையில் வைத்தார். தெருவில் எல்லோருக்கும் கொடுக்கிறோம் நங்கி, உங்களை விட மனம் வரவில்லை என்றார். நங்கி என்றால் தங்கச்சி. விழாவுக்கு ஒரு பதாகை வேண்டும் என்றார். பத்மாவதி கவலையை வரவழைத்துக்கொண்டு தன் வசனத்தைச் சொன்னாள்.

அவர் சிரித்தார். "பரவாயில்லை நங்கி. இது மண்டபத்துக்குள்ளே, மேடைக்குப் பின்னால். மழையே படாது."

ஐந்தடிதான் அகலம் என்றாள். துண்டு துண்டாய் அடித்து ஒட்டலாமே என்றார். வேறு பெரிய அச்சகங்கள் இருக்கின்றனவே என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு இருந்துகொண்டார். எல்லா இடமும் போய்ப் பார்த்தாராம். சிங்களம் எல்லாரும் செய்வார்கள். தமிழ்தான் எங்கும் சரியாக இல்லை. இந்தத் தெருவில் எல்லோரும் உங்களைத்தான் சொன்னார்கள் என்றார். தமிழ் மக்களுக்கு மரியாதையாக, அவர்கள் மொழியிலும் இருக்கவேண்டும் என்பது அவருடைய சொந்த யோசனையாம். கிளிநொச்சி விடுவிக்கப்பட்டது, நன்றி. அவ்வளவுதான். தமிழ் ஆட்கள் தாங்களே சொல்கிற மாதிரி, அழகாக, மனதைத் தொடுகிற மாதிரி எழுதிவிடுங்கள்.

கத்துகிறவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது போயிருக்கலாம். இந்த மனிதர் நல்லவராக இருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. அவர் கொண்டுவந்த படத்தைக் கணினியில் திறந்தாள். கிளிநொச்சியில் குப்புற விழுந்து கிடந்த தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். அதற்கு முன்னால் சிப்பாய்கள். வீதியில் ஒரு மனிதர் இல்லை, ஒரு நாய் இல்லை. அவ்வளவு சனமும் எங்கே என்று இந்த நல்ல மனிதரைக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்கவில்லை. கேட்காத தன்னை நினைக்க அவளுக்குப் பல் கூசியது.

தில்லைநாதன் அவளைப் பார்த்தார், காரியதரிசியைப் பார்த்தார். "ஹரி மாத்தையா," என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டார். பின்னேரம் தரலாம் என்றார். தேத்தண்ணி போடச் சொல்லி மேலே மகளுக்குக் குரல் கொடுத்தார்.

பிறகு மூலைக்குப் போய்ப் புதிய துணிச்சுருளைத் தண்டில் கோத்தார். அது இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒரே நேரத்தில் இயந்திரத்தில் தூக்கி வைக்கவேண்டிய பாரம். அவர் ஒரு முனையை இடுப்புவரை தூக்கிவிட்டார்.

"பத்மா," என்றார், அவள் பக்கம் திரும்பாமல். "மற்றப் பக்கத்தைப் பிடியும்."

காரியதரிசி பாற்சோற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். பத்மாவதி கதிரையை விட்டு எழும்பவில்லை. சுருள் சரிந்து அரை முழம் வெள்ளைத் துணி அவிழ்ந்தது. மறுமுனை தரையிலேயே கிடந்தது.