நீண்டுகொண்டே போன ஆஸ்பத்திரிச் சாலை

கடலுக்கு அப்பால் இருக்கிற இரண்டு நாடுகள் முதல்முறையாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்ட மார்ச் மாதத்தில், கடைவீதியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை இரண்டு கிலோமீட்டர் நீண்டது. அதற்கு முன்பு அது சரியாக ஏழு கிலோமீட்டர். யாரும் தார் போடவில்லை, ஜல்லி கொட்டவில்லை, டெண்டர் விடவில்லை. திங்கட்கிழமை வரை ஏழாக இருந்தது, செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்பதாக இருந்தது, அவ்வளவுதான். முதலில் திட்டு வாங்கியவர்கள் மெக்கானிக்குகள். வண்டி பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கிறது என்று ஊரே பட்டறை வாசல்களில் வரிசை கட்டி நின்றது. பிளக்கைத் துடைத்து, டயருக்குக் காற்றடித்து, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி மாட்டியும் ஒரு பலனும் இல்லை. பத்து நாள் கழித்து நில அளவைக்காரர் ஒருவர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்து, சாலை இரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவருக்கு ஒரு வாரம் விடுப்பு கொடுத்தார்கள். விடுப்பு முடிந்து வந்து மறுபடி அளந்தபோதும் ஒன்பதாகத்தான் இருந்தது.

இதற்கெல்லாம் தன் கைவேலைதான் காரணம் என்று ஊரில் இருந்த வெல்டர் ஒருவருக்கு மட்டும் சந்தேகம் வந்தது. ஊரில் இருந்தது ஒரே ஒரு பெட்ரோல் பங்க். அதன் வாசலில் உயரமான கம்பத்தில் விலைப்பலகை. பலகையில் கொக்கி வைத்து மாட்டிய இரும்பு எண்கள். எங்கோ ஒரு மந்திரி மேஜையைத் தட்டினால் போதும், பங்க்கில் வேலை பார்த்த பெரியவர் ஏணியைச் சாத்தி ஏறி எண்ணை மாற்ற வேண்டும். அந்த வருடம் மந்திரிகள் வாரத்துக்கு மூன்று தடவை மேஜையைத் தட்டினார்கள். பிப்ரவரியில் ஒருநாள் பெரியவர் ஏணியிலிருந்து விழுந்து தோள்பட்டையை முறித்துக்கொண்டார். பங்க் முதலாளிக்கு மூக்கு நுனியில் கோபம். உடனே வெல்டரைக் கூப்பிட்டனுப்பினார். "இனிமே இத எவனும் கழட்டக் கூடாது. அப்படியே வச்சு வெல்டிங் அடிச்சுருப்பா." வெல்டர் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். "நாளைக்கு விலை ஏறினா என்ன முதலாளி பண்ணுவீங்க?" முதலாளி சிரித்தார். "நம்பரே மாறலைன்னா விலை எப்படிய்யா ஏறும்?" வெல்டர் ஏணியில் ஏறினார். தொழிலில் சுத்தமான ஆள், நான்கு பக்கமும் இழைத்து ஒட்டிவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து பங்க்குக்கு வந்த எண்ணெய்க் கம்பெனிச் சீட்டிலும் அதே எண்தான் அச்சாகி வந்தது. ஏன் என்று கம்பெனிக்காரர்களுக்கே விளங்கவில்லை. யார் யாரோடு சண்டைக்கு நின்றாலும் நம் ஊரில் ஒரு காசு ஏறாது என்று ஜனங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

விஷயத்தை உடைத்துச் சொன்னவர் வெல்டரின் மச்சான். டேங்கர் லாரி ஓட்டுகிறவர், துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு வந்து பங்க்கில் இறக்குகிறவர், உலக விவகாரம் முழுவதையும் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போதே கற்றுக்கொண்டவர். "குண்டு விழணும்னு இல்ல மாப்ளே. கப்பல்காரனுக்கு வயித்துல புளியக் கரைச்சாலே போதும். இன்ஷூரன்ஸ்காரன் ரேட்ட ஏத்துவான், வாங்குறவன் நாளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோன்னு ரெண்டு மடங்கு வாங்கி வைப்பான். விலை எங்கயாவது போய்த்தானே ஆகணும்? நீ பலகைய அடைச்சுட்ட. அது ரோட்டு வழியா வந்துருச்சு," என்றார். அவர் சொன்னதில் எள்ளளவும் பிசகில்லை. ஒரு தோட்டாகூட வெடிக்காமலே அடுத்த ஆறு வருடங்கள் ஓடின. ஒரு தளபதி பேட்டி கொடுத்தார், சாலை பதினான்கு ஆனது. ஒரு ஜலசந்தியை மூடிவிடுவோம் என்று யாரோ சொன்னார்கள், மூடவில்லை, சாலை இருபத்து மூன்று ஆனது. ஒரு கப்பல் பாதி வழியில் திரும்பிப் போனது, நாற்பத்தொன்று. புதிய துண்டு எப்போதும் ஒரே இடத்தில்தான் வெளிவரும்: கடைவீதியிலிருந்து ஒரு கிலோமீட்டரில் இருக்கும் பாலத்தைத் தாண்டியதும். பழைய சாலையை அது ஆஸ்பத்திரிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். வாழ்நாளில் ஒரு சொட்டுப் பெட்ரோல் வாங்காமல் நடந்தே போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் நீண்டது. காய்கறிக்கும் நீண்டது, பால்காரருக்கும் நீண்டது. இது என்ன நியாயம் என்று கேட்க ஆள் இல்லை.

வெல்டருக்கு இதில் வந்த கஷ்டம் மற்றவர்களுடையதைப் போன்றது அல்ல. அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான புதிதில் மாலை ஆறரைக்கு வேன் சத்தம் கேட்கும், ஏழு மணிக்கு இரண்டு பேரும் ஒரே தட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்பது கிலோமீட்டரில் அது ஏழே கால் ஆனது. பதினான்கில் எட்டு. இருபத்து மூன்றில், ஒரு நாளைக்குப் பத்து நடை அடித்த வேன் இரண்டு நடைதான் அடித்தது. அவள் வந்ததும் செருப்போடு கட்டிலில் சாய்ந்துவிடுவாள். நாற்பத்தொன்றில் அவளுக்கு நர்ஸ்கள் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தாள், பாதி ஞாயிறு வேனிலேயே போனது. ஆஸ்பத்திரிப் பக்கம் குடிபோகலாம் என்றால், ஊரில் பாதிப் பேருக்கு அதே யோசனை வந்திருந்தது, அங்கே வாடகை வாயில் நுழையாது. வெல்டர் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டு இளைத்துப்போனார். அவள் இல்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் சொட்டுவதுகூட அவருக்கு அழுகையை வரவழைத்தது.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு பங்க்கின் கம்பத்தில் ஏறினார். ஒட்டிய எண்ணை அறுத்துவிட்டால் விலை தன் இடத்துக்குப் போய்விடும், சாலை தன் அளவுக்கு வந்துவிடும் என்பது அவர் கணக்கு. கட்டரைப் பற்ற வைப்பதற்குள் கீழே இருநூறு பேர் கூடிவிட்டார்கள். "உன் பொண்டாட்டி சீக்கிரம் வரணும்னு ஊரு விலைய ஏத்திவிடுவியா? இறங்குய்யா கீழ!" சாலை நீளமாகத்தானே இருக்கிறது, விலை ஏறவில்லையே என்பதில் அவர்களுக்கு அப்படியொரு பெருமை. நாற்பத்தொரு கிலோமீட்டர் போய் வந்து முதுகு ஒடிந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். யாரோ ஏணியையும் எடுத்துவிட்டார்கள். மத்தியானம் வரை கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்ற பிறகு, இனி அறுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அவரை இறக்கினார்கள்.

இறங்கிய வெல்டர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பாலத்தைத் தாண்டி, ஒரு வாடகை வண்டியில் தகரமும் கம்பியும் ஏற்றிக்கொண்டு, முதன்முதலாக நீண்ட அந்த இரண்டு கிலோமீட்டருக்கு வந்து சேர்ந்தார். புதிய துண்டுகளெல்லாம் பாலத்துப் பக்கமே முளைத்ததால், கடைவீதியிலிருந்து அது எவ்வளவு தள்ளிப் போனாலும் ஆஸ்பத்திரியிலிருந்து அதன் தூரம் மட்டும் மாறவே இல்லை. அவர் கொட்டகை போட்ட இடம் ஆஸ்பத்திரியிலிருந்து எண்ணினால் எட்டாவது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் எந்த வரைபடத்திலும் இல்லாத, எவருக்கும் சொந்தமில்லாத வெட்டவெளி. காக்கைகளே அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆனதாம். அவருக்கு முன்பே பாலத்துப் பக்கமாக நாற்பதடி தள்ளி ஒரு டீக்கடைக்காரர் மட்டும் கடை போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று சாயங்காலம் வெல்டர் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய் நின்றார். "பெட்டிய எடுத்துட்டு வா. வீடு இங்கதான் இருக்கு, இருபது நிமிஷம்." அவள் கொட்டகையைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், "மழை வந்தா ஒழுகுமே," என்றாள், பெட்டியைக் கீழே வைத்தாள். ஏழு மணிக்கு ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

சாலை நீளமென்றால் வண்டிகள் வழியில் படுக்கும். வண்டிகள் படுத்தால் வெல்டருக்கு வேலை. ஒரு வருடத்தில் தகரம் செங்கல் ஆனது, பக்கத்தில் பஞ்சர் கடை வந்தது, சலூன் வந்தது, விடுதிக் கட்டிலில் அவதிப்பட்ட மூன்று நர்ஸ்களின் குடும்பங்கள் வந்தன. நர்ஸுக்கு எட்டாவது மாதம் நடக்கும்போது மச்சான் லாரியை வாசலிலேயே நிறுத்திவிட்டு வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். "மாப்ளே, ரெண்டு நாட்டுக்காரனும் சமாதானமாப் போறானாம். இன்னைக்கு மூணு மணிக்குக் கை குலுக்குறாங்க. தங்கச்சியக் கூட்டிட்டுக் கிளம்பு. ரோடு சுருங்கினா நீங்க எங்க போவீங்கன்னு எவனுக்கும் தெரியாது." அது உண்மை. இத்தனை வருடத்தில் மிரட்டல்தான் வந்திருக்கிறதே தவிர சமாதானம் வந்ததில்லை. இல்லாத இடத்தில் கட்டிய வீடு, இடம் போனால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்பது? பஞ்சர் கடைக்காரர் டியூப்களை மூட்டை கட்டினார். சலூன்காரர் கண்ணாடியைக் கழற்றினார். நர்ஸ் நகரவில்லை. "நான் எங்கயும் வரல அண்ணே. ஆறு வருஷம் ரோட்டுலயே போச்சு. இருந்தா இங்க இருக்கேன்," என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டே முக்காலுக்கு வெல்டர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அவங்க கை குலுக்காம இருந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுது," என்றார். சொன்னதுமே கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார். அந்த இரண்டு நாடுகளிலும் எத்தனை வீடுகளில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அந்தக் கைகுலுக்கலுக்காகக் காத்திருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. "எனக்கும் அப்படித்தாங்க தோணுச்சு. அதான் பயமா இருக்கு," என்றாள். பிறகு எட்டி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். "குலுக்கட்டும். வீடு போனா இன்னொண்ணு கட்டுவீங்க."

மூன்று மணிக்குக் குலுக்கினார்கள். தரை ஒருதரம் லேசாக அசைந்தது, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, பாலத்துப் பக்கச் சுவரில் 'டொப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வெளியே ஓடிப் பார்த்தார்கள். சாலை சுருங்கியிருந்தது, நாற்பதே நாற்பது அடி. வெல்டர் வீட்டுக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்த காலியிடம் மட்டும் காணாமல் போய், இரண்டு சுவரும் ஒட்டிக்கொண்டு நின்றன. மச்சான் லாரியின் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "விலைங்கிறவன் ஏறும்போது லிஃப்ட்ல ஏறுவான் மாப்ளே, இறங்கும்போது ஒவ்வொரு படியா எண்ணி இறங்குவான்!" சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீக்கடைக்காரர், "யாருக்கும் அடிகிடி படலையே?" என்று கேட்டார். படவில்லை. சலூன்காரர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். மறுவாரம் வெல்டர் அந்தச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் போட்டு, அதன் வழியாகவே டீ வாங்கிக் குடிக்க ஆரம்பித்தார்.

ஒரு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதிவு செய்கிற குமாஸ்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விலாசம் கேட்டார். எட்டாவது கிலோமீட்டர் என்று நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்படி ஓர் இடமே கிடையாது என்று சொல்லிவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"பாலத்துலேருந்து எண்ணியாம்மா, இங்கேருந்து எண்ணியா?"

"இங்கேருந்துதான் சார்."

"அப்ப சரி, அது மாறாது," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.