எல்லோருக்குமான அறுபத்து மூன்று

மணி மூன்றேகால். நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும், பிள்ளைகளை ஏற்றிய ஜீப்புகள் தரைப்பாலத்தைக் கடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும். மலை உச்சியில் மழை கொட்டினால் ஒரு மணி நேரத்தில் ஆறு பாலத்துக்கு மேல் வந்துவிடும். அங்கே கொட்டுகிறதா என்று சொல்ல வேண்டிய மழைமானி காலையிலிருந்து பேசவில்லை. பள்ளத்தாக்கு நெடுகிலும் இருந்த மற்ற அறுபத்தொன்றும் ரேடியோ வழியே பேசிக்கொண்டுதான் இருந்தன.

கண்காணிப்பு அறையில் ஜிஷா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலத்தை மூடவா வேண்டாமா, சொல்லு ஜிஷே," என்றார் பொறியாளர் பௌலோஸ். "நேத்து சும்மா மூடினதுக்கே எஸ்டேட்காரங்க என்னைக் கப்பைக் கிழங்கோட சேர்த்து வேக வச்சிட்டாங்க."

"பத்து நிமிஷம் சார்."

உச்சியில் மழைமானியை நட்டுவிட்டு அன்று காலையில்தான் இறங்கியிருந்த குஞ்ஞுமோன் மூலையில் பால் சேர்க்காத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தான். மழைமானி வேலைக்கு வருமுன் வீடு வீடாக இணையம் இழுத்துக் கொடுத்தவன்.

"சேட்டா, அதுக்கு என்ன ஐ.பி. முகவரி குடுத்தீங்க?"

"முன்னாடி வச்சது அறுபத்திரண்டு. அப்ப இது அறுபத்து மூணுதானே மோளே? முதல்ல ஏத்துக்கல, முனகிச்சு. எண்ணோட எல்லையைச் சொல்ற மாஸ்க்ல இருந்த நூத்தித் தொண்ணூத்திரண்டை எடுத்துட்டு வீடுகளுக்குப் போடுற பூஜ்யத்தைப் போட்டேன். சமத்தா ஏத்துக்கிச்சு."

ஜிஷா எண்களின் பட்டியலைத் திறந்தாள். அவள் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்கியது அறுபத்து நான்கு எண்கள். முதல் எண்ணான சுழி அந்தத் தொகுதிக்கே பெயர். எந்தக் கருவிக்கும் கிடையாது. கடைசி எண்ணான அறுபத்து மூன்றும் அப்படித்தான். அதைக் கூப்பிட்டால் எல்லோரையும் கூப்பிட்டதாக அர்த்தம். நடுவே அறுபத்திரண்டு. ஒன்று இந்த அறையின் கணினிக்கு, மீதி மழைமானிகளுக்கு. கணக்குப் போட்ட நாளிலிருந்து அந்தக் கடைசி எண்ணை அவள் கூப்பிட்டுப் பார்த்ததே இல்லை.

இப்போது கூப்பிட்டாள்.

திரையில் பதில்கள் பொழிந்தன. ஆற்றங்கரை, ஏலக்காய்த் தோட்டம், மாதா கோயில் மேடு. அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். அறுபத்திரண்டு.

"மேல இருக்கிறதும் பதில் சொல்லுது சார். கூட்டத்தோட கூட்டமா."

"அப்ப மழை எவ்வளவுன்னு கேளேன்!"

"அதைத் தனியாத்தான் கேக்க முடியும். நம்ம கணினிக்கு அது ஒரு ஆளே இல்ல, ஊரே அதுதான்."

ஒரு தாளை இழுத்து, தன் கணினியின் மாஸ்க்கில் இருந்த நூற்றுத் தொண்ணூற்றிரண்டை ஒன்றும் சுழியுமாக எழுதினாள். இரண்டு ஒன்றுகள், ஆறு சுழிகள். இரண்டாவது ஒன்றின் மேல் பேனா நின்றது. அதைச் சுழியாக்கினால் எல்லைக்குள் இருக்கும் அறுபத்து நான்கு எண்கள் நூற்றிருபத்தெட்டாகும். எல்லோரையும் அழைக்கும் வேலை நூற்றிருபத்தேழுக்குப் போகும். அறுபத்து மூன்று சாதாரண ஒருவனாக நடுவில் நிற்கும். மாற்ற வேண்டியது இந்த ஒரு கணினியில் மட்டும். பக்கத்து அறுபத்து நான்கு எண்களும் காலிதானா என்று பட்டியலை இருமுறை பார்த்தாள். காலிதான்.

மாற்றினாள். அறையில் எதுவும் அசையவில்லை. மேலே, மேகத்துக்குள், யாரும் எந்தக் கம்பியையும் தொடவில்லை. ஒரு குறி மாறியதில் எல்லை இரண்டு மடங்காக விரிந்திருந்தது.

அறுபத்து மூன்றைத் தனியாகக் கேட்டாள்.

சில நொடிகள். பிறகு ஒரு வரி: கடந்த ஒரு மணி நேரத்தில் எண்பத்தெட்டு மில்லிமீட்டர்.

பௌலோஸ் போனை எடுத்தார். "பாலத்தை மூடு. பிள்ளைங்க ஸ்கூல்லயே இருக்கட்டும். ஆமா, இன்னிக்கு நிஜமாத்தான்."

குஞ்ஞுமோன் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப நான் குடுத்த நம்பர் தப்பா, சரியா?"

"காலையில தப்பு. இப்ப சரி சேட்டா."

நான்கு இருபதுக்குப் பாலம் தண்ணீருக்குள் போனது. ஜிஷா அந்தத் தாளில் தான் போட்ட சுழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு மலையே இருந்தது.